விடியுமுன் வாரிய உப்பு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முத்தையாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நிலம் வெளுத்துவிடுகிறது. முள்ளக்காட்டுப் பக்கம் ஓர் உப்பளத்தில் நான் இறங்கியபோது காலை எட்டரை. சித்திரை வெயில்.

“இப்பதான் வாரியளா? வேல முடியப் போவுதே” என்றார், வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்த அம்மா. அவர் பாத்தியில் கால் வைத்தது விடியற்காலை நான்கு மணிக்கு. உடம்பு சுடும் என்பதற்காக மட்டுமல்ல. வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைப் பறித்துவிடும். பத்து நிமிடத்தில் எனக்கே கண் கரித்தது.

வெயில்தான் உப்பை விளைவிக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்போம். வெயில் தண்ணீரை வற்றடிக்கும், அவ்வளவுதான். எந்தத் தண்ணீரை எப்போது எந்தப் பாத்திக்கு மாற்றுவது என்பது ஆள் கணக்கு. இங்கே எல்லாரும் பேசுவது ‘டிகிரி’. சூடல்ல, தண்ணீரின் கனம். கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி. பல அளங்களில் அதைவிடக் கனமான நிலத்தடி உப்புநீரைக் குழாய்க் கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள். பாத்தி பாத்தியாக நகர்ந்து அது கனத்துக்கொண்டே வரும். வழியில் ஜிப்சம் படிந்துவிடும். இருபத்தைந்து டிகிரியில்தான் உப்பு பூக்கத் தொடங்கும். கடல்நீரானால் அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போயிருக்கும். முப்பதை நெருங்கவும் விடக்கூடாது. மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். மிச்ச நீரை வடித்துவிட வேண்டும்.

அளவுமானி இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்த பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்தே சொன்னார்: “இன்னும் ரெண்டு நாள்.”

தரையும் அவர்கள் செய்ததுதான். மழை ஓய்ந்து தை பிறந்ததும் சேற்றை வாரிவிட்டு, வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துத் தளத்தை இறுக்குகிறார்கள். தளம் இளகினால் உப்போடு மண்ணும் வரும், விலை போகாது.

வாருவது நீளக் கைப்பிடிப் பலகையால், பெரும்பாலும் ஆண்கள். வாரியதைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். ராஜம் கிருஷ்ணன் இந்த மண்ணின் தொழிலாளர்களை வைத்துக் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தலைச்சுமை இன்னும் இறங்கவில்லை. சில அளங்களில் பூட்ஸும் கையுறையும் கொடுக்கிறார்களாம். நான் பார்த்த கால்கள் வெறுங்கால்கள். குதிகால் வெடிப்புக்குள் உப்பு.

ஐப்பசி பிறந்தால் வேலை நின்றுவிடும். அந்த மழை மாதங்களுக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அரசு தருகிறது. ஒரு மாத மளிகைக்கே அது பற்றாது. 2023 டிசம்பரில் பெய்த மழையோ வேலையை நிறுத்தியதோடு விடவில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விற்காமல் குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து ஓடியது.

பத்து மணிக்கு ஷேர் ஆட்டோ வந்தது. அந்த அம்மா பிளாஸ்டிக் கேனை ஆட்டிப் பார்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீர், அடியில் கொஞ்சம் இருந்தது. பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் காலில் ஊற்றிக்கொண்டார்.