பருப்பு நன்றாக வெந்த தண்ணீர்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். "எங்கள் போர்வெல் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்தோம். பாசனத்துக்கு ஏற்றது என்று சீட்டு வந்திருக்கிறது. இதையே வீட்டில் குடிக்கவும் வைத்துக்கொள்ளலாமா? இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது" என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சீட்டின் நகலையும் இணைத்திருந்தார். 'குடிநீருக்குத் தனியாகப் பரிசோதியுங்கள்' என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இருபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு நான் தப்பான பதில் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத மனம் வரவில்லை.

அப்போது தர்மபுரி மாவட்டத்தில், காரிமங்கலம் பக்கம் வேளாண்மை அலுவலராக வேலை பார்த்தேன். 2002, 2003 இரண்டு வருடமும் மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகள் தரை தட்டின. கடன் வாங்கியாவது போர் போட்டுவிட வேண்டும் என்று ஊர் ஊராக ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பழக்கமான ஒரு விவசாயி, மூன்று ஏக்கர்காரர், இரண்டு போர் வறண்டு போய் மூன்றாவதில் 700 அடிக்குக் கீழே தண்ணீர் கண்டார். தக்காளி நட வேண்டும், தண்ணீரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பாட்டிலோடு வந்தார். பரிசோதனைக்கு அனுப்பினேன். சீட்டு வந்தது. உப்பு குறைவு. கார அமில நிலை 8.3. எஞ்சிய சோடியம் கார்பனேட், ஆர்.எஸ்.சி. என்று சீட்டில் போட்டிருப்பார்களே, அது 2.2. 1.25-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 2.5-ஐத் தாண்டினால் ஆகாது. இது நடுவில் இருந்தது. "ஜிப்சம் மட்டும் போட்டுக்கங்கண்ணா, மத்தபடி தண்ணி நல்லா இருக்கு" என்று சொன்னேன்.

அடுத்த முறை வயலுக்குப் போனபோது வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் மனைவி சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். "குடிச்சுப் பாருங்க மேடம், நம்ம போர் தண்ணிதான். இளநி மாதிரி இருக்குது. பழைய கிணத்துத் தண்ணியில பருப்பு வேகவே வேகாது. இதுல ரெண்டு கொதியில மலர்ந்துடுது. சோப்பு போட்டா நுரை அடங்கவே மாட்டேங்குது." பக்கத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று டம்ளரைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. "அப்ப இதையே குடிக்க வச்சுக்கலாம்ல மேடம்? நீங்கதான் டெஸ்டு பண்ணிச் சொல்லிட்டீங்களே" என்றார். நானும் அடுப்பங்கரையில் நிற்கிறவள்தானே. பருப்பு வேகும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றுதான் என் அம்மாவும் சொல்வார். "தாராளமா குடிங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு மாறுதலாகித் தென்மாவட்டத்துக்குப் போய்விட்டேன். 2012-ல் திரும்பவும் தர்மபுரிக்கு வந்தேன். ஒரு விவசாயிகள் பயிற்சி முகாமில் அந்த அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கூடவே மகள். பத்து வயது. ஏதோ கேட்டேன், சிரித்தாள். சிரித்த கையோடு உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். முன்பற்களில் குறுக்கே பட்டை பட்டையாக மஞ்சளும் பழுப்பும். "பல்லே வெளக்க மாட்டியான்னு ஸ்கூல்ல கேலி பண்றாங்களாம் மேடம். ரெண்டு வேளையும் வெளக்குறா, போக மாட்டேங்குது" என்றார் அவர்.

அந்த மாவட்டத்தில் வேலை பார்த்த எனக்கு அந்தக் கறை தெரியாததல்ல. ஃபுளோரைடு. ஆனால் அதற்கும் நான் சொன்ன வார்த்தைக்கும் இருக்கும் தொடர்பு அந்த நிமிடம்தான் உறைத்தது. அவருடைய போர் தண்ணீரைக் குடிநீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னேன். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தியத் தர நிர்ணயம்.

பாசனத்துக்குத் தண்ணீரைச் சோதிக்கும்போது உப்பு, கார அமில நிலை, கார்பனேட், கால்சியம், சோடியம் ஆகியவற்றைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம். பயிர் தாங்குமா, மண் இறுகுமா என்பதுதான் அங்கே கேள்வி. ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதுவும் அந்தச் சீட்டில் இருக்காது. தக்காளிக்கு நல்ல தண்ணீர் என்பதும் குழந்தைக்கு நல்ல தண்ணீர் என்பதும் வேறு வேறு பரிசோதனை. இதைப் பட்டம் படித்த நானே பிரித்துச் சொல்லவில்லை என்றால், சீட்டை வாங்கிக்கொண்டு போகிறவர் எப்படிப் பிரிப்பார்?

இன்னொன்று எனக்கு அதைவிடக் கசப்பு. எச்சரிக்கை அந்தச் சீட்டிலேயே இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. ஆழத்தில் பாறை இடுக்கில் பல காலம் தங்கிய தண்ணீரில் அது கரைந்து இறங்குகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்து ஓரளவு படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடின தண்ணீரில்தான் அது தாராளமாகக் கரைந்து நிற்கும். ஆர்.எஸ்.சி. கூடுதல் என்றால் அந்த வகைத் தண்ணீர்தான். பருப்பு சீக்கிரம் வேவதும், சோப்பு நுரைப்பதும், நாக்குக்கு மெதுவாக இருப்பதும் அதே காரணத்தால்தான். அந்த அக்கா எந்த மூன்று குணத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டாரோ, அந்த மூன்றையும் கேட்டு நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பருப்பு வேகும் தண்ணீரெல்லாம் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகாத தண்ணீரிலும் ஃபுளோரைடு இருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. நாக்கையும் அடுப்பையும் நம்பி முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பெண் அன்று என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இது போயிடுமா மேடம்?" நிலையான பற்கள் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் உருவாகும்போதே இந்தக் கறை ஏறிவிடுகிறது. பிறந்ததிலிருந்து எட்டு வயது வரைதான் அதற்கான காலம். அதற்குப் பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் ஏறின கறை இறங்காது. பல் மருத்துவர் மேலே பூசி மறைக்கலாம், அவ்வளவுதான். வருடக்கணக்கில் தொடர்ந்து குடித்தால் பெரியவர்களுக்கும் எலும்பில் சேரும். மூட்டும் முதுகும் இறுகும். அவளிடம் "டாக்டர்கிட்ட காட்டலாம் கண்ணு" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கொடுக்கிறார்கள். ஃபுளோரைடு பாதிப்புக்காகவே வந்த திட்டம் அது. அவர்கள் ஊருக்கும் குழாய் வந்தது. அதற்குச் சற்று முன் பிறந்த அவள் தம்பி அந்தத் தண்ணீரில் வளர்ந்தான். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அவன் பல் வெள்ளையாக இருக்கிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருப்பது தண்ணீர் மட்டும்தான்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. குடிக்கக் குழாய்த் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர் என்று அந்த அக்கா வைத்திருந்தார். ஆற்றுத் தண்ணீரில் பருப்பு அவ்வளவு வேகவில்லையாம்! சோறும் குழம்பும் கஞ்சியும் குடிக்கிற தண்ணீர்தானே. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு நாளைக்கு இரண்டு மூன்று குடம் போதும். அந்த மூன்று குடத்தை மட்டும் காப்பாற்றிவிட்டால், குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீரையே வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சிக் குடிக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கிருமிக்கு அது சரி. திறந்த கிணறு, குளம், மழைக்காலக் கலங்கல் தண்ணீர் என்றால் கொதிக்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். மெழுகுவர்த்தி மாதிரி இருக்குமே, அந்த ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் எடுக்கும், ஆனால் காலத்தில் பராமரிக்க வேண்டும். நைட்ரேட் பற்றி நம் தொழிலை வைத்து ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிணற்று மேட்டிலேயே எருக்குழியும் மாட்டுக்கொட்டகையும் வைக்காதீர்கள், யூரியா மூட்டையை அங்கே பிரிக்காதீர்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள தண்ணீரில் பால்மாவு கலந்து கைக்குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்துவிடக்கூடும்.

இனி கேள்வி கேட்ட வாசகருக்கு. உங்கள் மாவட்டத்திலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் தனியாரின் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நிரப்பி மூடுங்கள். பூச்சிமருந்து டப்பா, குளிர்பானப் பாட்டில் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு இந்தப் பாட்டில் ஆகாது. கூடத்திலேயே தனிப் பாட்டில் கேட்டு வாங்கி, பிடித்த அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாட்டில் மேல் 'குடிநீர்' என்று எழுதுங்கள். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய சீட்டில் ஆர்.எஸ்.சி. 2.4 என்று இருக்கிறது. வயலுக்கு எவ்வளவு ஜிப்சம் போட வேண்டும் என்பதைக் கேள்வி பதில் பகுதியில் எழுதியிருக்கிறேன், அதை நிதானமாகச் செய்யலாம். குடிநீர் பாட்டிலை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். முடிவு கைக்கு வரும்வரை குழந்தைக்குச் சோறு வடிப்பதும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கட்டும்.