முதுமைக்கு மருந்தில்லை; அதன் சிரமத்திற்கு உண்டு



சென்ற ஆண்டு ஒருநாள் மாணவிகளுக்கு ஸூரா யாஸீனை ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் பரவிற்று. மக்கனா வியர்வையில் நனைந்தது. சில நிமிடங்களில் குளிரெடுத்தது. இரவுகளிலும் இதுவே தொடர, உறக்கம் கெட்டது. ஒருநாள், ஓதுகையில் சிறு பிழைவிட்ட ஒரு சிறுமியைக் கடிந்துகொண்டோம். அவள் அழுதுகொண்டே வீடு திரும்பினாள். அந்த அழுகை நம்மை உறுத்தியது.

அதுவரை எட்டு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. “ஹைள் நிற்கும் பருவம் முதுமையின் வாசல், முதுமைக்கு மருந்தில்லை என்று நபி (ஸல்) அவர்களே கூறியுள்ளார்கள்” என நமக்கு நாமே தீர்ப்பளித்திருந்தோம். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணிப்பதும் அதே ஹதீஸ்தானே! முதுமையைத் தடுப்பது வேறு, அதன் சிரமத்தைத் தணிப்பது வேறு. கண்புரையை அகற்றிக்கொள்ளும் பெரியவர்களை நாம் குறை சொல்வதில்லையே!

பெண் மருத்துவரிடம் சென்றோம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக்கும் பகுதி சிறு மாறுதலுக்கும் வியர்க்கச் செய்கிறது என விளக்கினார். ஹார்மோன் சிகிச்சையே மிகுந்த பலன் தருவது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் அதைத் தொடங்குவது பொருத்தம். கருப்பை உள்ளோர் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே எடுக்கவேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம் கண்டோருக்குப் பொதுவாக அது தரப்படுவதில்லை. அவர்களுக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற மாத்திரைகள் உள்ளன. 2023இல் அமெரிக்காவில் ஃபெசோலினெடன்ட் என்னும் புதிய மருந்தும் அனுமதி பெற்றது. மனநல ஆலோசகர் அளிக்கும் பயிற்சியும் அவதியைக் குறைக்கும்.

பிரசவ காலத்தில் நமக்குக் காலில் இரத்தக்கட்டு ஏற்பட்டிருந்ததால், இரவில் உண்ணும் கபாபென்டினை எழுதித் தந்தார். அனல் முற்றிலும் நீங்கவில்லை; உறக்கம் திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ், தஹஜ்ஜுதும் திரும்பியது. அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். 12 மாதங்கள் ஹைள் நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், தொழுகைச் சட்டத்தை ஆலிமாவிடம் கேட்பதோடு நில்லாமல், தாமதமின்றி மருத்துவரையும் காணுங்கள்.

மார்க்கத்தைக் கற்பதில் அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாகவில்லை என அன்னை ஆயிஷா (ரலி) புகழ்ந்துள்ளார்கள். அமானிதமாகிய நம் உடலைப் பேணுவதிலும் அது தடையாகவேண்டாம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக. ஆமீன்.