மாமாவின் சி.டி. பிளேயர்

போன மாதம் ஆம்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய சி.டி. பிளேயரைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாமா என்று அக்கா கேட்டார். தோல் கம்பெனி வேலையாக 1988-ல் ஜெர்மனி போனபோது மாமா ஆசையாக வாங்கி வந்தது. அன்று நான் சொன்னேன்: "இது பாட்டு இல்லை மாமா, வெறும் கணக்கு." அதற்குப் பிறகு அவர் என்னை உட்காரவைத்து அதில் எதுவும் போட்டுக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பாயிடம் போனேன். லென்ஸில் தூசி, அவ்வளவுதான். தட்டில் மாமா கடைசியாகக் கேட்ட வீணை சி.டி. அப்படியே இருந்தது. பாய் உள்ளே 28 கால் உள்ள ஒரு கறுப்புச் சில்லைக் காட்டினார். பிலிப்ஸ் டி.டி.ஏ. 1541. "நம்பரைப் பாட்டா மாத்தறது இதுதான் சார்." எப்படி என்று கேட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ரிட்டயரானவனுக்கு வேறென்ன வேலை?

தராசில் எடைக்கல் வைப்பது போலத்தானாம். உள்ளே 16 மின்னோட்டங்கள். ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். எண்ணில் அந்த இடத்தில் 1 இருந்தால் அந்த மின்னோட்டம் வெளியே போகும். 0 என்றால் வேறு வழியில் திருப்பிவிடப்படும். வெளியே வந்ததன் கூட்டுத்தொகைதான் ஒலி. மொத்தம் 65,536 படிகள். சி.டி.யில் ஒரு காதுக்கு நொடிக்கு 44,100 எண்கள். புதுவையில் பிரெஞ்சில் படித்தவனுக்கு இது புதிதல்ல. அங்கே 97 என்றால் 'நாலு இருபது, பத்து, ஏழு' என்றுதான் சொல்லவேண்டும்.

சிக்கல் பெரிய கல்லில். அது 32,768 என்றால், கீழே உள்ள 15-ம் சேர்ந்து 32,767. வித்தியாசம் ஒன்றே ஒன்று. பெரியது துளி பிசகினாலும் கணக்கு கெட்டது. ஒலி அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஆடுவது. சன்னமான ஒலி அந்த நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும். அதைத் தாண்டும்போதெல்லாம் 15 சின்னக் கற்களை எடுத்துவிட்டுப் பெரியதை வைக்கவேண்டும். ஆக, பிசகு அடிப்பது சத்தமான இடத்தை அல்ல, மெல்லிய இடத்தை.

ஒரு தோலைச் சரிபாதியாக வெட்டுவதே கஷ்டம். சில்லுக்குள் மின்னோட்டத்தை எப்படிச் சரிபாதியாகப் பிரிப்பது? பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ரூடி வான் டி பிளாஸ்ஷே 1976-ல் வெளியிட்ட வழி இது: சரியாகப் பிரிக்க முயலாதே, பிரித்த பாகங்களை இடம் மாற்றிக்கொண்டே இரு. கூடின பாகமும் குறைந்த பாகமும் மாறி மாறி ஒரே இடத்துக்கு வந்தால் சராசரியில் பிசகு காணாமல் போகும். அந்த மாற்றத்தின் சலசலப்பை அடக்கத்தான் சில்லைச் சுற்றி 14 சின்னக் கண்டென்சர்கள். பாயும் நானும் எண்ணிப் பார்த்தோம்.

எங்கள் ஆபீசில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சீட் மாற்றுவார்கள். ஒரு கிளார்க்கின் கோணல் ஒரே ஃபைலில் தங்கக்கூடாது என்பதற்காக. ஒவ்வொரு முறையும் நான் முணுமுணுத்திருக்கிறேன்.

சாயங்காலம் அக்கா வீட்டில் அந்த வீணையைப் போட்டோம். மீட்டிய தந்தி ஓய்ந்து ஓய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆகும் இடம் வந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மா இரு தம்பி," என்றார் அக்கா. "இந்த இடம் வந்தா அவர் யாரையும் பேச விடமாட்டார்."