நங்கூரம் பிடிக்கும் தரை

பாய்மரப் படகில் கரையோரமாக ஊர் ஊராகச் செல்லும் பயணத்தைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் காற்றையும் பாயையுமே பேசுகின்றன. படகையே வீடாகக் கொண்டு மாதக்கணக்கில் வாழ்வோரின் நாட்களில் பாய் விரிந்திருக்கும் பொழுதைவிட நங்கூரத்தில் நிற்கும் பொழுதே மிகுதி. முன்பின் அறியாத ஒரு விரிகுடாவில் மாலை மங்கும் நேரத்தில் நங்கூரம் பாய்ச்சி, விடியும்வரை படகை அதே இடத்தில் நிறுத்தி வைப்பதில்தான் படகோட்டியின் தேர்ச்சி வெளிப்படுகிறது என்பதை இத்தொழிலில் ஊறியவர் எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் இன்று சான்றிதழ் வழங்கும் பயிற்சி வகுப்புகள் பலவற்றில் நங்கூரத்துக்கு ஒதுக்கப்படுவது, மதிய உணவுக்காகப் படகு நிற்கும் அந்தச் சிறிது நேரமே. இரும்பைத் தண்ணீரில் போடுவதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று கேட்கும் மாணவரும் உண்டு. அக்கேள்வியைச் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் ஆசிரியரும் உண்டு. கேள்வி சிரிப்புக்குரியதன்று, ஆகவே விரிவாகவே விடை சொல்லப்பட வேண்டும்.

பெர்னார் முவாத்தெசியே என்னும் பிரெஞ்சு மாலுமி 1968 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து 'ஜோஷுவா' என்ற தம் எஃகுப் படகில் தனியாளாகப் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனை, லூவின் முனை, ஹார்ன் முனை மூன்றையும் சுற்றி, உலகைச் சுற்றும் போட்டியில் பரிசு கைக்கெட்டும் நிலையில் இருந்தபோதும் அதை விட்டு மீண்டும் கிழக்கே திரும்பி, பத்து மாதம் எந்தத் துறையிலும் நிற்காமல் 1969 ஜூனில் தாகித்தித் தீவை அடைந்தவர். தென்பெருங்கடலின் அலைகளுக்கு அசையாத அந்தப் படகு, 1982 டிசம்பர் 8 இரவில் மெக்சிகோவின் காபோ சான் லூக்காஸ் விரிகுடாவில் நங்கூரத்தில் நின்றிருந்தபோது கரையில் தூக்கி எறியப்பட்டது. தென்கிழக்கே திறந்து கிடக்கும் விரிகுடா அது. கடலடி கரைக்கு மிக அருகிலேயே செங்குத்தாக ஆழ்ந்துவிடுவதால் படகுகள் மணற்கரையை ஒட்டி நெருக்கமாக நின்றன. இடம் போதாமையால் பல படகுகள் முன்னும் பின்னும் நங்கூரமிட்டுக் காற்றுக்கேற்பத் திரும்பவும் இயலாத நிலையில் இருந்தன. காற்று தென்கிழக்கே மாறியதும் ஒன்றன் நங்கூரம் பெயர்ந்து மற்றொன்றின் சங்கிலியில் சிக்க, ஒரே இரவில் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலேறின. முவாத்தெசியே அதற்கு முன் இழந்த படகுகள் இரண்டு: ஒன்று 1952இல் தியேகோ கார்சியாவின் பவளப்பாறையில், மற்றொன்று 1958இல் மேற்கிந்தியத் தீவுகளில் சென்ட் வின்சென்ட் தீவின் கரையில். ஆழ்கடல் அவரிடமிருந்து ஒரு படகையும் பறிக்கவில்லை. மூன்றையும் கரையே வாங்கிக்கொண்டது. அத்தகைய மாலுமிக்கே இந்நிலை என்றால், ஐந்து நாள் வகுப்பில் தேறியவர் கரையை எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நங்கூரம் தன் எடையால் படகை நிறுத்துவதாகப் பொதுவாக நம்பப்படுகிறது. ஆனால் பத்து டன் படகொன்றை நிறுத்துவது இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஓர் இரும்பே. அது பிடிப்பது தரையில் புதைவதால், புதைவது இழுவை கிடையாக வருவதால். இழுவையைக் கிடையாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு சங்கிலியுடையது. கடலடியிலிருந்து படகின் முன்முனையில் சங்கிலி இறங்கும் உருளை வரையுள்ள உயரத்தைப் போல் எத்தனை மடங்கு சங்கிலி விடப்படுகிறது என்பதே நீட்டு விகிதம் எனப்படும். முழுவதும் சங்கிலியானால் ஐந்து மடங்கு, பெரும்பகுதி கயிறானால் ஏழு மடங்கு என்பது பழைய கணக்கு. ஓதம் எனப்படும் ஏற்றவற்றம் மிகுந்த கடற்கரையில் இக்கணக்கைத் தவறவிடுவோர் மிகப் பலர். பிரான்சின் சென் மாலோ பகுதியில் கடல்மட்டம் பேரோத நாட்களில் பன்னிரண்டு மீட்டர் வரை ஏறியிறங்கும். வற்றத்தில் மூன்று மீட்டர் ஆழத்தில் நிற்கும் படகுக்கு, முன்முனையின் ஒரு மீட்டர் உயரத்தையும் சேர்த்து இருபது மீட்டர் சங்கிலி போதும் என்று தோன்றும். ஆறு மணி நேரத்தில் அதே இடத்தில் எண்பது மீட்டர் வேண்டியிருக்கும், அவ்வளவு நீளச் சங்கிலி பல படகுகளில் இருப்பதே இல்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் படகின்மீது அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், பதினைந்து நாட் (knot) வேகக் காற்றில் உறுதியாக நின்ற நங்கூரம் முப்பது நாட் காற்றில் ஏன் பெயர்கிறது என்பது விளங்கும். பலத்த காற்றில் சங்கிலியின் தொய்வு முழுவதும் நிமிர்ந்துவிடும். அப்போது ஒவ்வொரு அலையின் அடியையும் தாங்குவது, சங்கிலியில் கொக்கியால் மாட்டிப் படகின் கட்டையில் கட்டப்படும் நைலான் கயிற்றின் நெகிழ்ச்சி ஒன்றே. அந்தக் கயிற்றைக் கட்டாமல் சங்கிலி ஏற்றும் விசையுருளையையே முழுப் பாரமும் தாங்க விடும் படகுகள் இன்று ஒவ்வொரு விரிகுடாவிலும் காணப்படுகின்றன.

கணக்கு எவருக்கும் வரும். கைவராதது தரை. மணலும் இறுகிய சேறும் நங்கூரத்தைப் பிடிக்கும். சப்பைப் பாறை பிடிக்காது. தளர்ந்த சகதி பிடிப்பதுபோல் காட்டிப் பின்பு விட்டுவிடும். பழங்கால மாலுமிகள் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் இருக்கும் குழியில் மாட்டுக்கொழுப்பைத் திணித்துக் கடலில் விட்டனர். குண்டு மேலே வரும்போது கொழுப்பில் ஒட்டியிருக்கும் மணலோ சிப்பித் துகளோ கரிய சேறோ கீழே உள்ளது என்ன என்பதைச் சொல்லிவிடும். கொழுப்பு ஒன்றும் ஒட்டாமல் வடுப்பட்டு வந்தால் அங்கே பாறை. எதிரொலி ஆழமானி வந்தபின் ஈயக்குண்டு அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஆழமானி ஆழத்தைத் துல்லியமாகச் சொல்கிறது. சாதாரணப் படகுகளில் உள்ள கருவி தரையைப் பற்றி நம்பத்தக்க எதையும் சொல்வதில்லை. மத்தியதரைக் கடலில் இக்குறை பெருங்கேடாகிறது. அக்கடலுக்கே உரிய பொசிடோனியா என்னும் கடற்புல், அடர்ந்த மெத்தையாகக் கடலடியை மூடியிருக்கும். நங்கூரத்தின் முனை அதன் வேர்ப்பின்னலைத் துளைக்க முடியாமல் மேலேயே வழுக்கும், அல்லது ஒரு பிடி புல்லைப் பெயர்த்துக்கொண்டு உருண்டு வரும். மெல்ல வளரும் அப்புல்வெளியை நங்கூரங்கள் கிழிப்பதால், ஸ்பெயினின் பலேரிக் தீவுகளின் அரசு 2018ஆம் ஆண்டின் ஆணையால் அதன்மீது நங்கூரமிடுவதைத் தடைசெய்தது. தெளிந்த நீரில் புல் கரும்பட்டையாகவும் மணல் வெளிறிய திட்டாகவும் தெரியும். சூரியன் உச்சியில் இருக்கும்போது வந்து சேர்பவருக்கே அந்தத் திட்டு கண்ணில் படும். அந்தி சாய்ந்தபின் வருபவர் எதையும் காணாமல் போட்டுவிட்டு, மறுநாள் தரையைக் குறை சொல்வர்.

நங்கூரம் தரையைப் பற்றிவிட்டதா என்பதை அறிவதே இக்கலையின் தீராத சிக்கல். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் ஒவ்வொரு விரிகுடாவிலும் இது புதிதாகவே எதிர்ப்படும். முறை எளிது: காற்றை நோக்கிப் படகை முற்றாக நிறுத்தி, நங்கூரம் தரையைத் தொடும்வரை இறக்கி, படகு பின்னோக்கி மிதக்கும் வேகத்துக்கு ஏற்பச் சங்கிலியை நேர்கோட்டில் கிடத்தி, முழு நீளமும் விட்டபின் இயந்திரத்தைப் பின்னோக்கி மெல்ல மெல்லக் கூட்டுதல். அப்போது கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரு குறிகளை, ஒரு மணிக்கூண்டும் அதன் பின்னே ஒரு பாறை விளிம்பும் என்பதுபோல, பக்கவாட்டில் தேர்ந்துகொண்டு அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் ஒரே நேரில் வைத்துக் கடலடிப் பாறைமேடாகிய பாரைக் கண்டுபிடிக்கும் தமிழ்நாட்டு மீனவருக்கு இந்த உத்தி கைவந்த ஒன்று. குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் கை சங்கிலியின்மீது இருக்க வேண்டும். நங்கூரம் ஆழப் பதிந்திருந்தால் சங்கிலி இறுகுவதும் தளர்வதும் சீராகவும் மெதுவாகவும் நிகழும். அது மணலை உழுதுகொண்டு வந்தால் விரல்களில் ஒரு நறநறப்பு ஏறும். பாறைமேல் தாவி வந்தால் இறுக்கம் கூடிக்கொண்டே போய்ச் சட்டென்று விட்டுவிடும், பின் மீண்டும் தட்டும். சங்கிலி கற்களில் உரசும் ஓசை படகின் உடல் வழியாகப் படுக்கைவரை பெரிதாகக் கேட்கும். புதியவர் பதறி எழுவதெல்லாம் காற்று திசை மாறிப் படகு சுழலும்போது எழும் தீங்கற்ற அந்த ஓசைக்கே. சேற்றில் நங்கூரம் பெயர்ந்து வருவது ஓசையே இன்றி நிகழும். அதற்கு அடையாளம், காற்றுக்கு முகம் கொடுத்து நின்ற படகு விலாவைக் கொடுத்துச் சாய்வது. படுக்கையில் கிடப்பவருக்கு உருளல் மாறியதிலிருந்தே அது தெரிய வேண்டும். இந்த அறிவு நூலிலிருந்து வருவதில்லை. பல இரவுகளில் எழுந்து முன்முனைக்குச் சென்று, இருட்டில் மண்டியிட்டு, சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தவர்களுக்கே அது உடம்பில் ஊறியிருக்கும்.

இடத்தேர்வும் மேலோட்டமாகக் கற்பிக்கப்படுகிறது. மலையின் மறைவில் நின்றால் காற்றில்லை என்பது வகுப்பறைப் பாடம். கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேகமற்ற வானத்தோடு வடக்கிலிருந்து வீசும் மெல்டெமிக் காற்று, ஆந்திரோஸ், அமோர்கோஸ் போன்ற உயர்ந்த தீவுகளின் தென்புறத்தில் சரிவுகளின் வழியே விழுந்து, திறந்த கடலில் உள்ளதைவிடக் கடுமையான வீச்சுகளாகத் தாக்கும். மறைவு என்று நம்பி அங்கே ஒதுங்கும் படகு, ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரைவட்டமாகச் சுழன்று சங்கிலியைப் பக்கவாட்டில் இழுக்கும். வருங்காற்றை வைத்தே இடம் தேர வேண்டும் என்பதற்கு இராமேசுவரத் தீவின் வழக்கம் நல்ல சான்று. வடகிழக்குப் பருவத்தில், பாக் விரிகுடாவான வடகடல் கொந்தளிக்கும் என்பதால் படகுகள் மன்னார் வளைகுடாவான தென்கடல் பக்கம் சென்று நிற்கும். தென்மேற்குக் காற்று தொடங்கியதும் இடம் மாறும். அங்குள்ளவர்கள் எவருடைய சான்றிதழையும் எதிர்பார்த்து இதைக் கற்கவில்லை.

நங்கூரத்தின் வடிவம் மேம்பட்டிருப்பதை மறுப்பதற்கில்லை. பாய்மங்களின் கொந்தளிப்பை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜி. ஐ. டெய்லர், தாமே பாய்ப்படகு ஓட்டுபவராகையால், கலப்பை வடிவ நங்கூரத்தை 1933இல் உருவாக்கினார். அதுகாறும் பயன்பட்ட கொக்கி நங்கூரங்களைவிடக் குறைந்த எடையில் அது மிகுதியாகப் பிடித்தது. இரும்பைப் போடுவதற்கு என்ன படிப்பு என்று கேட்பவருக்கு அவர் பெயர் ஒன்றே போதும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் போன்றோர் வடிவமைத்த, மேலே வளையம் வைத்த கூர்முனை நங்கூரங்கள் தலைகீழாக விழுந்தாலும் தாமே நிமிர்ந்து விரைவில் புதைகின்றன. ஆனால் நல்ல கருவி அரைகுறை வேலையை நெடுநாள் மறைத்து வைக்கும்; சங்கிலியைக் குவியலாகக் கொட்டிவிட்டு, பின்னோக்கி இழுத்துப் பாராமல் கரைக்கு உண்ணச் செல்லும் இளையோர் இன்று பெருகியிருப்பதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று கைபேசியில் இயங்கும் நங்கூர எச்சரிக்கை. படகு குறித்த வட்டத்தைத் தாண்டினால் அது ஒலிக்கும். வட்டத்தின் மையம் நங்கூரம் விழுந்த இடமாக இருக்க வேண்டும். பலரோ படகு பின்னோக்கி வந்து நின்றபின், தாம் நிற்கும் இடத்தையே மையமாகக் குறித்து உறங்கிவிடுகின்றனர். கருவி ஒலிக்கும்போது பின்னால் நிற்கும் படகின் முன்முனை அவர்களுடைய தளத்தின்மேல் ஏறியிருக்கும்.

பிறர் படகுக்கு நேரும் கேடே இத்தலைமுறையின் மீதுள்ள பெரிய குறை. முதலில் வந்து நின்றவரின் சுழல்வட்டத்தைப் பின்னால் வருபவர் மதிக்க வேண்டும் என்பது கடலோடிகளின் பழைய நெறி. சங்கிலியில் நிற்கும் படகும் கயிற்றில் நிற்கும் படகும், ஆழ்ந்த அடித்தண்டு உடையதும் இரட்டை உடல் கொண்டதும் காற்று மாறும்போது ஒரே வகையில் சுழல்வதில்லை; ஆகவே இடைவெளி கண்ணுக்குத் தெரிவதைவிட மிகுதியாக வேண்டும். வார வாடகைப் படகுகள் இந்நெறியைக் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. கிரேக்கத்தின் ஹைட்ராத் துறைமுகம் போன்ற குறுகிய இடங்களில், முன்னே நங்கூரமிட்டுப் பின்முனையைக் கரையில் கட்டும் படகுகளின் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டுக் கிடக்கும். காலையில் புறப்படுபவரின் நங்கூரம் பிறர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வருவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. அப்போது செய்ய வேண்டியது, மேலே வந்த சங்கிலியின் அடியில் ஒரு கயிற்றைச் செலுத்தித் தாங்கிப் பிடித்து, தம் நங்கூரத்தைக் கீழிறக்கி விடுவித்து, பின்பு அந்தச் சங்கிலியை இருந்த இடத்திலேயே மெல்ல விட்டு, அதன் உடையவரிடம் சொல்லிவிட்டுச் செல்வது. அவர் நங்கூரம் பெயர்ந்திருக்கக்கூடும். அவரே அதை இறுக்கிப் பார்த்து, தேவையானால் எடுத்து மீண்டும் போட வேண்டும். இன்று நடப்பது, சிக்கிய சங்கிலியைக் கொக்கித் தடியால் தள்ளிவிட்டு, தம் நங்கூரம் விடுபட்டதும் இயந்திரத்தை முடுக்கிச் செல்வது. உள்ளே உறங்கும் குடும்பத்துக்குத் தம் படகு அப்போது தரையைப் பிடிக்காமல் கிடக்கிறது என்பது, பிற்பகல் காற்று எழுந்து பின்முனை கரைக்கல்லில் மோதும்வரை தெரியாது.