படம் பார்க்கப் போனவர்

அறுபத்தாறு வயது கடந்தபின், சென்ற திங்களில்தான், ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்னும் ஆங்கிலப் போர்ப்படத்தை முதன்முறையாகக் கண்டேன். டேவிட் லீன் இயக்கி 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த படம். ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. இத்தகைய படத்தைப் பார்க்க ஏன் இத்தனை ஆண்டுகள் என்று கேட்பீர்கள். மனம் வரவில்லை, அவ்வளவே. சயாம் இரயில் பாதைக்குப் போய் மீளாதவருள் என் பாட்டனாரும் ஒருவர்.

லூமுட்டில் என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் பங்கோர் தீவு தெரியும். கடற்படைக் கப்பல்கள் போவதும் வருவதும் தெரியும். அன்று மாலை மழை. சன்னலைச் சாத்திவிட்டு, பேரன் தொலைக்காட்சியில் அப்படத்தைப் போட்டான். இருவரும் அமர்ந்து பார்த்தோம்.

குறை சொல்ல முடியாத படம். ஆங்கிலச் சிறைக்கைதிகள் சீழ்க்கையடித்துக்கொண்டு முகாமுக்குள் அணிவகுத்து வரும் காட்சி ஒன்றே போதும். படை அதிகாரி கூலிவேலை செய்யலாகாது என்ற விதிக்காகக் கொதிக்கும் தகரக் கொட்டிலில் கிடந்து வாடுகிறார் கர்னல் நிக்கல்சன். வென்று வெளியே வந்தபின், அதே மனிதர் பகைவனுக்குச் செம்மையான பாலம் ஒன்றைக் கட்டித் தந்து, அதில் பெருமையும் கொள்கிறார்! தன் செயலின் பயன் யாருக்கு என்பதையே மறக்கச் செய்யும் செருக்கை அலெக் கின்னசு எவ்வளவு நுட்பமாக நடித்திருக்கிறார்! நானும் மெய்ம்மறந்தே பார்த்தேன்.

படம் முடிந்தது. பேரன் கேட்டான்: “தாத்தா, இதில் நம்மவர் யாரையும் காணோமே?”

என்ன விடை சொல்வேன்? 1942-ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைந்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் உழைத்த வெள்ளைக் கைதிகள் 60,000-க்கு மேல். மாண்டவர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சத்தை ஒட்டியவர். மாண்டவர் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர். கைதிகளுக்கு அவர்தம் படையிலிருந்தே மருத்துவர் இருந்தனர். பரிந்து பேச அதிகாரிகள் இருந்தனர். பால்மரம் வெட்டியவனுக்கு யார் இருந்தார்? மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. கூட்டம் கூட்டமாக மடிந்தனர்.

மூலநாவலை 1952-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழரைக் காணாதவர் அல்லர். படம் பிடித்த இடமோ இலங்கையின் கித்துல்கல; தேயிலைத் தமிழர் வாழும் மலைநாட்டின் அடிவாரம். அங்கும் இங்கும் நாம் இருந்தோம். படத்தில் மட்டும் இல்லை. அதன் திரைக்கதையை எழுதிய இருவர், அரசியல் பகையால் பெயர் மறைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் இறந்தபின், 1984-ஆம் ஆண்டில், பரிசு அவர்கள் பெயருக்கு வழங்கப்பட்டது. விடுபட்ட பெயரைப் பின்னால் சேர்க்கலாம் என்பதற்கு இதுவே சான்றன்றோ?

இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

பாட்டி சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். சாகும்வரை சினிமாக் கொட்டகைக்குள் அடிவைத்தவர் அல்லர். கேட்டால், “படம் பார்க்கப் போன மனுசன் வரலையே” என்பார்; அதற்குமேல் பேசமாட்டார். கூலி கிடைக்கும் என்று நம்பிச் சயாமுக்குப் பெயர் கொடுத்துப் போனார் பாட்டனார் என்றே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். கிழவி துயரத்தில் எதையோ எதனோடோ போட்டுக் குழப்புகிறாள் என்று எண்ணினேன். நானோ அன்று சீர்திருத்தம் பேசிய இளைஞன். “கொட்டகை என்ன பேயா பாட்டி? இது மூடநம்பிக்கை” என்று பலர்முன் எள்ளினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனார். அந்த முதுகு இன்னும் என் கண்முன் நிற்கிறது.

படம் பார்த்த மறுவாரம் அப்பாதையைப் பற்றித் தேடிப் படித்தேன். கைதியாயிருந்த பிரிட்டிஷ் மருத்துவர் இராபர்ட் ஹார்டி மறைவாக எழுதிய நாட்குறிப்பில் ஒரு செய்தி கண்டேன். மலாயாவில் ஆள் பிடிக்க, இலவசப் படக்காட்சி என்று அறிவிப்பார்களாம். கொட்டகை நிறைந்ததும் கதவை அடைத்து, ஆடவரை இரயிலில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். பாட்டி குழம்பவில்லை. நடந்ததை நடந்தபடியே ஐந்து சொல்லில் சொல்லியிருக்கிறார். காரணம் கேளாமலே அறிவுரை சொன்ன நான்தான் மூடன். பகுத்தறிவு என்று நான் தோளில் சுமந்தது, கேட்கும் பொறுமையற்ற வெறும் செருக்கு. கர்னல் நிக்கல்சனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி?

காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழர்க்கு 2023-ஆம் ஆண்டில் ஒரு நடுகல் எழுந்தது, நன்று. ஆனால் பெயர்கள்? அவை நம் வீட்டு முதியோர் நெஞ்சிலே கிடக்கின்றன. அவர்களுள் எஞ்சியோர் மிகச் சிலரே. தோழர்களே, இன்றே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். சொல்வது பொருந்தாததுபோல் தோன்றினாலும் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பாட்டனார் பெயரைப் பேரன் கேட்டான். சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “கொட்டகைக்குப் போன அன்று அவருக்கு என்ன வயசு, தாத்தா?” என்றான். அதைப் பாட்டியிடம் நான் கேட்டதே இல்லை.