அல்ஃபாமாவின் கரிப்புகை

ஆகஸ்ட் கடைசியில் லிஸ்பனின் அல்ஃபாமாவில் இரவு எட்டு மணிக்கும் சுவர்களின் மேல்பாதியில் வெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தேஜோ ஆற்றுக் காற்று படிக்கட்டுச் சந்துகளில் ஏறி வரும்போது, கரியடுப்பில் சாளை மீன் சுடும் வாசம், கல்லுப்பும் கருகிய தோலும் சொட்டும் கொழுப்புமாக, முதலில் மூக்குக்கு எட்டுகிறது, எந்த வாசலில் சுடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது.

தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-ஆம் தேதியோடு முடிந்து, கடைத்தெரு ஓய்ந்த நாட்களில், ஆச்சி புறவாசலில் தேங்காய் மட்டையை மூட்டி, குடலை எடுக்காமல், செதிலை உரசாமல், இங்கே செய்வது போலவே முழுமீனாக அடுக்குவாள், "நெருப்ப ஊதாதலே, சாம்பல் மீன்ல ஒட்டும்" என்று சொல்லிக்கொண்டே தானே ஊதுவாள்.

இளவயதில் முதல்முறை இந்த ஊருக்கு வந்தபோது அறை கொடுத்த கிழவியம்மாவும் அப்படித்தான், சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. ஜூனில் அந்தோணியார் திருநாளுக்கு வாங்கிய சிறு தொட்டியை, நம் திருநீற்றுப்பச்சிலை இனச் செடிதான், ஆகஸ்ட் வரை வாடாமல் காத்தார், செடியில் மூக்கை வைக்கக் கூடாது என்பார், உள்ளங்கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும், ஆனால் மாலையில் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் குனிந்து முகர்வார். 1988 ஆகஸ்ட் 25 அன்று ஷியாடோ கடைத்தெரு எரிந்ததைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும், அந்தக் கடைகளில்தான் தன் கல்யாணத் துணியை எடுத்தாராம்.

அந்த வீட்டு வாசலில் இப்போது எண் அழுத்தித் திறக்கும் சாவிப்பெட்டி தொங்குகிறது, சந்தெங்கும் பயணப்பெட்டிச் சக்கரங்களின் சத்தம், டுக்டுக் வண்டிகள், மீனைவிட மீன் டப்பாவின் வண்ணம் அதிகம் விற்கும் கடைகள்.

கீழே பைஷா பகுதியின் நேர்கோட்டுத் தெருக்களில் நடந்தபோது 1554 நினைவுக்கு வந்தது, ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட முதல் நூல் இந்த ஊரில்தான் வெளியானது, அதன் ஆக்கத்தில் இங்கு வந்திருந்த தமிழர்களுக்கும் பங்குண்டு. அவர்கள் நடந்த லிஸ்பனில் பெரும்பகுதி 1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆற்றிலிருந்து ஏறிய அலையிலும் போய்விட்டது, இந்த நேர்த்தெருக்கள் பொம்பால் பிரபு அதன்பின் போட்டவை, பாறைமேல் இருந்த அல்ஃபாமாதான் பெரிதும் தப்பியது. கடல் கடந்து வந்த அந்த மனிதர்களும் இதே கரிப்புகையில் ஊரை நினைத்திருப்பார்கள் என்று தோன்றியதும், அதுவரை ஆச்சியுடையதாகவும் கிழவியம்மாவுடையதாகவும் மட்டும் இருந்த வாசம் நானூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் பின்னுக்குப் போயிற்று.

மறுபடி மேலே ஏறினேன், காட்சிமேடைக்குப் போகாமல், சுவர்களைத் தொட்டுப் பார்த்தபடி. செருப்புடன் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துவிட்டு, எழுந்து வந்து, சுவரின் அடிவரிசைக் கற்களைக் கைத்தடியால் தட்டி அவை பழையவை என்றார், மேலே இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு தன் கையால் பூசியது என்றார்.