உம்மாவின் தேக்கரண்டி

 

சமையலைப் பற்றி எழுத ஒரு மௌலவிக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டுக் குறை சொன்ன அனுபவம் மட்டுமே உண்டு. அப்படிச் சொன்ன ஒரு குறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் உம்மா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. எழுபதுகளின் ஆரம்பத்தில் அவர் எழுதத் தொடங்கிய சமையல் கொப்பி ஒன்று எங்கள் மாத்தளை வீட்டில் இருக்கிறது. சென்ற நோன்புப் பெருநாளுக்கு அதைப் பார்த்து மகள் வட்டிலப்பம் செய்தாள். கித்துள் கருப்பட்டி 1 றாத்தல், முட்டை 10, கெட்டித் தேங்காய்ப்பால் 1 பைந்து, ஏலப்பொடி 2 தேக்கரண்டி, சாதிக்காயும் கராம்பும் சேர்த்து 1 தேக்கரண்டி. ஒன்றையும் விடவில்லை. வெந்து வந்ததோ இறுகிப்போய், கராம்பு நாக்கைச் சுட்டது. விருந்தினர் முன்னிலையில், "உம்மும்மாட கை உனக்கு வரல்ல" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரவு அவளே கொப்பியோடு வந்தாள். "வாப்பா, பைந்து எண்டா எவ்வளவு?" கைத்தொலைபேசியில் பார்த்தபோது 473 மில்லிலீட்டர் என்று வந்ததாம். அது அமெரிக்கப் பைந்து. 1824 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிட்டிஷார் புதுக் கலன் வகுத்தார்கள். அமெரிக்கர்கள் தங்கள் பழைய கலனை மாற்றவில்லை. இரண்டிலும் 8 பைந்துதான்; ஆனால் பிரிட்டிஷ் பைந்துக்கு 20 அவுன்ஸ், அமெரிக்கப் பைந்துக்கு 16. நமது நாட்டில் புழங்கியது பிரிட்டிஷ் பைந்து, 568 மில்லிலீட்டர். அதனால் பாலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

கராம்புக் கதை வேறு. உம்மாவின் தகர டின்னில் அவருடைய தேக்கரண்டி கிடந்தது. பார்மசியில் மருந்துக்குத் தரும் ஊசியில்லாத சிரிஞ்சால் அதில் தண்ணீர் விட்டு அளந்தோம். மூன்றரை மில்லிலீட்டரிலேயே வழிந்தது. மகள் பயன்படுத்தியது கடையில் கொத்தாக விற்கும் அளவுக் கரண்டி, 5 மில்லிலீட்டர்.

கரண்டியில் பிழையில்லை. பழைய பிரிட்டிஷ் சமையலில் தேக்கரண்டி என்பது அவுன்சில் எட்டில் ஒரு பங்கு. அது மூன்றரை மில்லிலீட்டருக்குச் சற்றுக் கூட. நான்கு தேக்கரண்டி சேர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி. இன்று பிரிட்டனிலும் தேக்கரண்டி 5, மேசைக்கரண்டி 15, மூன்றுதான் ஒன்றாகிறது. மேசைக்கரண்டி அநேகமாக அப்படியே இருக்க, தேக்கரண்டி மட்டும் வளர்ந்துவிட்டது! மாத்தளைக் கராம்பின் காரம் உங்களுக்குத் தெரியாததா? அதில் ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிட்டால் நாக்கு என்னாகும்?

1929 இல் முதலில் வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்' போன்றவை அந்தக் காலத்து அளவுகளில் எழுதப்பட்டவை. அவற்றிலிருந்து ஒருவர் கொப்பியிலிருந்து இன்னொருவர் கொப்பிக்கு எத்தனையோ குறிப்புகள் போயிருக்கின்றன. உம்மாவின் கொப்பியில் ஓரிடத்தில் 'பன்னீர் 1 வைன் கிளாஸ்' என்றிருப்பதைக் கண்டு நான் திடுக்கிட்டேன், மகள் சிரித்தாள். அதுவும் ஒரு அளவுதான், ஏறக்குறைய 2 அவுன்ஸ். உங்கள் வீட்டுக் கொப்பியில் 'கப்' என்றிருந்தால் அதையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் கப் அரைப் பைந்து, அதாவது 284 மில்லிலீட்டர். இப்போது கடையில் வாங்குவது பெரும்பாலும் 250. போத்தல் மட்டும் தொல்லையில்லை. ஆறு போத்தல் ஒரு கலன் என்ற பழைய கணக்குக்கும் இன்றைய 750 மில்லிலீட்டருக்கும் வித்தியாசம் அற்பம்.

இதில் எனக்குத்தான் வெட்கம் அதிகம். றாத்தல் என்ற சொல்லே அரபியின் 'ரத்ல்' போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்தது. ஒரு ஸாஉ ஈராக் வழக்கில் 8 ரத்ல், மதீனா வழக்கில் ஐந்தும் மூன்றில் ஒன்றும் என்று வருடந்தோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். இமாம் அபூ யூஸுஃப் மதீனா சென்றபோது, மக்கள் தத்தம் தந்தையர் வழி வந்த ஸாஉகளை எடுத்து வந்து காட்ட, அவற்றை அளந்து பார்த்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்ற செய்தியையும் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் பாத்திரத்தை அளந்தார். நான் பிள்ளையைக் குறை சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல வாப்பா" என்றாள். முகம் தெளிய இரண்டு நாள் எடுத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை 568 மில்லிலீட்டர் பாலும் உம்மாவின் கரண்டியுமாக மறுபடி செய்தாள். உக்குவளையிலிருந்து வந்திருந்த என் மூத்த சகோதரி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது ஆர் செஞ்ச?" என்று கேட்டார். மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இப்போது கொப்பியில் உம்மாவின் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் மில்லிலீட்டர் எழுதி வருகிறாள். 'சீனி கொஞ்சம்' என்றிருக்கும் இடங்களை என்ன செய்வதென்று மாமியிடம் கேட்கப் போகிறாளாம்.